மௌன ராகமும் எங்கட முதல் பதினாலு மாசமும்

மணிரத்னத்தின்ட மௌன ராகம் படத்தைப் பார்த்து எனக்குக் கோவம் வந்தது எண்டு சொன்னா எங்கட வீட்டில ஒருத்தரும் நம்பமாட்டினம். அம்மா ஒருக்கா "உனக்கு ரசனை இல்லை பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு குசினிக்க போயிட்டா. அவ சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, அவ அந்தப் படத்தைப் பார்த்த விதம் வேற. படம் வந்தது 1986ல, அவ பார்த்தது 92 போல, யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலம், ஒழுங்கையில ஒரு வீட்டு முத்தத்தில ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடைக்கு எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, அப்ப மண்ணெண்ணெய் வித்த விலைக்கு அதே ஒரு பெரிய செலவு, பாயை விரிச்சு இருந்து பார்த்தவையாம். கடைசியில அந்த ஸ்டேசன் சீன் வரேக்க பொம்பிளையள் எல்லாரும் அழுதவையாம். ரேவதிக்காக மட்டும் அழேல்லை எண்டுவா அம்மா. 90க்குப் பிறகு அப்ப இஞ்ச கோச்சியே, ரயினே இல்லை, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் மூடப் போயிட்டுது, அப்பிடி இருக்கிற சனத்துக்கு முன்னால ஒரு கோச்சி கூவிக்கொண்டு வெளிக்கிட்டா அழுகை வராதோ.

எனக்கு அந்தப் படம் எண்டா முதல்ல பாட்டுத்தான். அப்பா சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட காலத்தில இருந்து மன்றம் வந்த தென்றலுக்கு காதில இருக்கு. கதை அரைகுறையாத்தான் தெரியும். முழுப் படத்தையும் நான் ஒழுங்கா இருந்து பார்த்தது 2015 ஆவணியில, கொழும்பு வெள்ளவத்தையில, கலியாணம் முடிச்சு ஏழு மாசத்தில, அதுவும் ஒரு மருந்து மாதிரி பார்க்கச் சொல்லித்தான் பார்த்தனான்.

எங்கட கலியாணம் பேசிச் செய்தது. சாதகம் பொருந்தினவுடன நல்லூர்க் கோயிலில வச்சு என்னைக் காட்டினவை, திருவிழா நேரம், சனத்துக்குள்ள ஆர் என்னைப் பார்க்க வந்தவை எண்டே எனக்குத் தெரியேல்ல, ஐஸ்கிறீம் குடிக்கப் போன இடத்தில தான் "அந்த நீலச் சேட்" எண்டு அக்கா காட்டினவா. அக்கா எண்டா பெரியம்மான்ட மூத்த மகள், எனக்குப் பதின்மூண்டு வயசு மூப்பு, என்ட வாழ்க்கையில நடந்த எல்லா முடிவிலயும் அவவின்ட கை இருக்கும். பிறகு வீட்டுக்கு வந்தவை. விறாந்தையில எங்களை ஒரு பத்து நிமிசம் தனிய விட்டினம், ஆனா யன்னலுக்கு அங்கால நாலு தலை நிண்டது. எனக்கு அப்ப கலியாணம் செய்யவே விருப்பமில்லை. ஒரு காரணமும் பெரிசா இல்லை, இருவத்தேழு வயசு, வேலை கிடைச்சு ஒண்டரை வருசம், முதல் முதலா என்ட சம்பளத்தில நானே ஒரு ஸ்கூட்டி எடுத்து ஓடித் திரிஞ்ச காலம், இன்னும் கொஞ்ச நாள் அப்பிடி இருக்கோணும் போல இருந்தது, அவ்வளவுதான். அதை நான் அவருக்குச் சொன்னனான். "எனக்கு இப்ப செய்யிற எண்ணம் இல்லை, வீட்டில தான் அவசரப்படுகினம்" எண்டு. அவர் தலையை ஆட்டினவர். ரெண்டு நாளால புரோக்கர் போன் எடுத்து மாப்பிளைக்குப் பொம்பிளையை நல்லாப் பிடிச்சிட்டுதாம், வெளிப்படையாக் கதைக்கிற பிள்ளையாம் எண்டு சொல்லுறார்.

இனிப் படத்துக்கு வாறன். அதில ரேவதி நடிச்ச திவ்யாவும் இதைத்தான் செய்யிறா. பொம்பிளை பார்க்க வந்தவையைப் போக வைக்கிறதுக்கு வேணுமெண்டே பிந்தி வாறா, மழையில ஆடிப்போட்டு நனைஞ்சு வந்து நிக்கிறா, தனிய விட்ட நேரம் என்னைக் கட்டாதேங்கோ எண்டு தன்ட குறையெல்லாம் வரிசையாச் சொல்லுறா. மாப்பிளை சந்திரகுமாருக்கு அதாலயே அவவைப் பிடிச்சுப் போகுது. நான் போனில பார்த்துக்கொண்டு இருந்தனான், காதில ஹெட்செற், இவர் ஒபிசால வரேல்ல. அந்த இடத்தில படத்தை நிப்பாட்டிப்போட்டு போய் ஒரு பிளேன்ரீ ஊத்தி எடுத்துக்கொண்டு வந்தனான், கை நடுங்கின மாதிரி இருந்தது. எல்லாரும் அந்த ஆளை எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு நல்லவன் எண்டு கொண்டாடுகினம், ஒரு பிள்ளை நேர வேண்டாம் எண்டு சொல்லுது, அதை ஒரு அழகு எண்டு நினைச்சு ஓம் எண்டு சொன்ன ஆள் தானே அவன்! முதல் பிழை அங்க நடந்திட்டுது. பிறகு எத்தினை ரீல் பொறுமையா இருந்தென்ன. வீட்டில தகப்பனுக்கு நெஞ்சுவலி வரப் பிள்ளை தலையைக் குனியுது, அது வேற, அப்பாவின்ட நெஞ்சைக் காட்டிக் கட்டி வச்ச கலியாணம் எங்கட ஊரில எத்தினை எண்டு எண்ணினா விரல் காணாது.

படத்தை முடிக்கேக்க இரவு பத்து மணி. ஒரே ஏமாற்றம். இதைப் பார், எல்லாம் சரியா வரும் எண்டு தானே அக்கா சொன்னவா, எனக்கு எண்டா என்ன சரியா வந்தது எண்டே விளங்கேல்ல. ரேவதி நல்லா நடிச்சிருக்கிறா, கமராக்காரர் பி.சி.ஸ்ரீராமின்ட வெளிச்சம் எல்லாம் அந்த நேரத்துக்குச் சொல்லி வேலையில்லை, இளையராஜா பின்னணியில அந்த வீட்டின்ட வெறுமையையே வாசிச்சுக் காட்டுறார். தேசிய விருதும் கிடைச்ச படம். அதெல்லாம் ஓம். ஆனா அந்தப் புருசனும் பெண்சாதியும் எப்ப கதைச்சவை? அவன் கொலுசு வாங்கிக் குடுக்கிறான், அவ விவாகரத்துக் கேக்கிறா, பழைய காதலைப் பற்றி அவ சொல்லுறா, லோயர் ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுறார், பிறகு ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவன் யூனியன் ஆக்களிட்டக் கத்திக்குத்து வாங்கி ஆஸ்பத்திரியில கிடந்தாப் பிறகுதான் அவவுக்கு மனம் இளகுது. அப்ப குத்து வாங்காத புருசன்மாருக்கு என்ன வழி? இவர் வங்கியில வேலை, அங்க ஸ்ரேப்ளர் குத்தினாத்தான் உண்டு.

திவ்யாவின்ட பழைய காதலன் அந்த மனோகரின்ட கதை இன்னொரு கரைச்சல். அதில நடிச்ச கார்த்திக்கைப் பிடிக்காத ஆளே இல்லை, எனக்கும் பிடிக்கும், கோப்பிக் கடையில திவ்யாவின்ட தகப்பன்காரனை மிஸ்டர் சந்திரமௌலி எண்டு கூப்பிடுற இடம் இப்பவும் சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, ஒருத்தி தனக்குக் கலியாணம் வேண்டாம் எண்டு சொன்னா அதுக்குப் பின்னால ஒரு பெடியன் இருக்கத்தான் வேணும், அதுவும் செத்துப்போன பெடியன், அப்பத்தான் பார்க்கிற ஆக்களுக்கு அவவில இரக்கம் வரும். மணிரத்னம் முதல்ல எழுதின கதையில அந்த மனோகரே இல்லையாம், பிறகுதான் சேர்த்தவராம். இதை நான் பிறகு அறிஞ்ச நேரம் சரியான கவலையா இருந்தது. அந்த முதல் கதையை எடுத்திருந்தா அது என்ட கதை. எனக்கு மனோகர் ஒருத்தனும் இல்லை. ஆனா கலியாணம் முடிச்ச புதுசில நான் முகம் வாடி இருந்த நேரம் அம்மா, அக்கா, மாமி, ஏன் இவரின்ட தங்கச்சி கூட, எல்லாரும் சுத்திச் சுத்தி வந்து கேட்டது ஒரே கேள்வி: "ஆரையும் விரும்பினனியோ?" இல்லை எண்டா நம்புறேல்லை. ஒருத்தரையும் விரும்பாமல் ஒரு பிள்ளை எப்பிடி அழும் எண்டு அவைக்கு விளங்கேல்ல.

வெள்ளவத்தை எனக்கு, திவ்யா கலியாணம் முடிச்சுப் போன டெல்லி மாதிரித்தான். தமிழ்ச்சனம் நிறைய இருக்கிற இடம்தான், ஆனா ஐஞ்சாம் மாடி பிளாற், கதவைப் பூட்டினா பக்கத்து வீட்டில ஆர் எண்டு தெரியாது, எனக்குச் சிங்களம் ரெண்டு சொல்லு, வேலைக்கு ட்ரான்ஸ்பர் கிடைக்காமல் சம்பளமில்லாத லீவில இருந்தனான், ஸ்கூட்டி ஊரில, கோண்டாவிலில சாக்குப் போட்டு மூடிக் கிடக்குது. இவர் நல்ல மனுசன். குடி இல்லை, சத்தம் போடமாட்டார், சாப்பாட்டில உப்புக் கூடினாலும் சொல்லமாட்டார். எட்டு மணிக்கு வருவார், "சாப்பிட்டனீரோ" எண்டு கேப்பார், நான் ஓம் எண்டுவன், நியூஸ் பார்ப்பார், படுப்பம். பதினாலு மாசம். ஒருக்காக் கூட நாங்கள் சண்டை பிடிக்கேல்ல, சத்தியமா ஒருக்காக் கூட இல்லை, அதைப் பார்த்து அவற்ற அம்மா எல்லாருக்கும் பெருமையாச் சொல்லித் திரிஞ்சவா.

2016 பங்குனியில நான் வீட்டை போறன் எண்டு சொன்னனான். எத்தினை நாளைக்கு எண்டு அவர் கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல. கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தவர். யாழ்தேவி ரயின் திருப்பி யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கி அப்ப ஒண்டரை வருசம் இருக்கும். சீற்றில இருத்திப்போட்டு ஒரு தண்ணிப் போத்தலும் இறால் வடையும் வாங்கித் தந்தார். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்கு மண்டைக்குள்ள அந்தப் படம் தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில அவன் விவாகரத்துப் பேப்பரைக் குடுக்க அவ அழுது கிழிச்செறிஞ்சு மனசில இருக்கிறதைக் கொட்டுறா, ரயின் வெளிக்கிட்டாப் பிறகு அவன் ஓடிவந்து ஏறிச் சங்கிலியை இழுக்கிறான். நான் யன்னலால எட்டிப் பார்க்கிறன், இவரைக் காணேல்ல. ரயின் வெளிக்கிட முதலே போயிட்டார். மருதானை தாண்ட முதல் வடையைக் குப்பைத் தாளோட சேர்த்துச் சுருட்டி வச்சிட்டு வவுனியா வரைக்கும் அழுதுகொண்டு வந்தனான். முன் சீற்றில இருந்த ஒரு வயசுபோன சிங்கள அம்மா ஒரு தோடம்பழத்தை உரிச்சு ஒண்டும் கேக்காமல் என்ட கையில வச்சவா, அதை இண்டைக்கும் மறக்கேல்ல.

அடுத்த வெள்ளி இரவு மெயில் ரயினில இவர் வந்து இறங்கினார். ஒருத்தரும் கூப்பிடேல்ல. அப்பா ஒண்டும் கதைக்காமல் ரெண்டு கதிரையைத் தூக்கிக் கிணத்தடியில போட்டிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிட்டார். அப்பா செய்த நல்ல காரியங்களுக்குள்ள அதுதான் முதலாவது. ஏன் அண்டைக்கு ஸ்டேசனில நிக்கேல்ல எண்டு நான் கேட்டனான். "நிண்டா நான் உம்மைப் போகவேண்டாம் எண்டு சொல்லியிருப்பன், உமக்கு அது கரைச்சலா இருக்கும் எண்டு நினைச்சனான்" எண்டார். எனக்குச் சிரிக்கிறதோ அடிக்கிறதோ தெரியேல்ல. அப்ப விறாந்தையில நான் விருப்பமில்லை எண்டு சொன்னது கேட்டதோ எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் வாளிக் கயித்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். கேட்டதாம். தனக்கும் விருப்பமில்லையாம். தங்கச்சியின்ட கலியாணம் நிண்டுகொண்டிருந்தது, எங்கட அப்பா மாப்பிளை வீட்டுக்குச் சீதனத்துக்கு மேலால குடுத்த டொனேசன் காசு அப்பிடியே கை மாறித் தங்கச்சியின்ட மாப்பிளை வீட்டுக்குப் போயிருக்கு, தான் இல்லை எண்டு சொன்னா அந்தப் பிள்ளையின்ட கலியாணமும் குழம்பும். இதை ஏன் முதலே சொல்லேல்ல எண்டா, "நீர் என்னைக் கேக்கேல்லையே." அவரைத்தான் ஒருத்தரும் கேக்கேல்ல. நானும் கேக்கேல்ல. படத்திலயும் சந்திரகுமாரை ஆரும் கேக்கிறேல்லை.

அந்த இடத்தோட எல்லாம் சரியாப் போயிட்டுது எண்டு நினைக்காதேங்கோ. பிறகுதான் உண்மையான கரைச்சல் தொடங்கினது. அந்தக் கிழமையே நான் ஒரு லோயரிட்டப் போய் வந்தனான், இவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனனான். எங்கட பிள்ளையளுக்கு இது தெரிஞ்சிருக்கோணும் எண்டதால எழுதுறன். படத்தில வாற அந்த ஒரு வருசக் கதை இந்தியாச் சட்டம், அங்க 1955ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில பொதுவா ஒரு வருசத்துக்குள்ள மனுப் போடேலாது. பிறகு ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியிறதுக்கும் அங்க வழி இருக்கு. இஞ்ச அப்பிடி இல்லை. எங்கட விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907ம் ஆண்டில இருந்து வாறது, அதில மூண்டே மூண்டு காரணம்: கலியாணத்துக்குப் பிறகு வேற ஆளோட தொடர்பு, கெட்ட எண்ணத்தோட விட்டிட்டுப் போறது, கலியாணம் நடக்கேக்கயே இருந்த குணப்படுத்த ஏலாத தாம்பத்தியக் குறைபாடு. ரெண்டு பேருக்கும் ஒத்து வரேல்ல எண்டு கோட்ஸில போய் நிண்டா அது காரணமில்லை, ஒருத்தர்ல பிழை காட்டோணும். மாவட்ட நீதிமன்றத்தில முதல் தீர்ப்புக் கிடைச்சாலும் பிறகு மூண்டு மாசம் பொறுத்துத்தான் அது முழுசாகும். இன்னொண்டு, இதைக் கட்டாயம் கேளுங்கோ, தாலி கட்டேல்ல எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, மட்டும்தானே முடிஞ்சிருக்கு எண்டு நினைக்கிறது பேய்த்தனம். எழுத்தில கையெழுத்து வச்ச அண்டைக்கே சட்டப்படி கலியாணம் முடிஞ்சுது. வெளிநாட்டு மாப்பிளைக்கு விசாவுக்காக அவசரமா எழுத்தை முடிச்சுப்போட்டு, பிறகு பெடியன் போன் எடுக்காமல் விட, கூறையும் கட்டாமல் கோட்ஸ் வாசலில நிக்கிற பிள்ளையளை நான் அண்டைக்கு அந்த லோயரின்ட ஒபிசிலயே கண்டனான். எழுத்துக்கு முதல் கதைக்க வேண்டியதை எழுத்துக்கு முதல் கதைச்சுப்போடோணும்.

லோயர் அம்மா கடைசியாச் சொன்னது, "பிள்ளை, இவரில பிழை எண்டு நீர் எதைச் சொல்லப்போறீர்?" எனக்குச் சொல்ல ஒண்டும் வரேல்ல. அவதான் பிரதேச செயலகத்தில உளவளத்துணை (கவுன்சிலிங்) உத்தியோகத்தர் இருக்கிறா, காசில்லை, போய்ப் பாருங்கோ எண்டவா. எனக்கு அது வரைக்கும் கந்தோரில அப்பிடி ஒரு கதிரை இருக்கெண்டே தெரியாது, பிறப்புச் சான்றிதழ் எடுக்கத்தான் அங்க போறது. ஆரும் கண்டு கதை கட்டுவினமோ எண்ட பயத்தில முதல் நாள் கையில ஒரு பழைய பத்திரத்தை வச்சுக்கொண்டு போனனான், காணி அலுவலா வந்த மாதிரி. அவ எங்கள் ரெண்டு பேரையும் இருத்திக் கேட்ட முதல் கேள்வி, கடைசியா எப்ப சண்டை பிடிச்சனீங்கள் எண்டது. நாங்கள் சண்டையே பிடிக்கிறேல்லை எண்டு இவர் கொஞ்சம் புழுகத்தோட சொன்னார். அவ பேனையை வச்சிட்டா. அப்ப முதல்ல சண்டை பிடிச்சுப் பழகுங்கோ, கிழமைக்கு ஒண்டு, சின்னதா, எண்டா.

சிரிப்பாத்தான் இருந்தது. ஆனா செய்து பார்த்தம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போன் ரெண்டையும் அலுமாரிக்குள்ள வச்சிட்டுப் பதினைஞ்சு நிமிசம், ஒருத்தர் கதைக்க மற்றவர் குறுக்க வரக்கூடாது, அண்டைக்குப் பிடிக்காமல் போன ஒரு விசயத்தைச் சொல்லியே தீரோணும். முதல் கிழமை அவர் சொன்ன குறை, நான் சொதிக்கு வெந்தயம் கூடப் போடுறன் எண்டது. பதினாலு மாசமா அந்தச் சொதியை இடியப்பத்தோட விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார் மனுசன்! நான் சொன்னது, அவர் வந்தவுடன நியூஸைப் போடுறது எனக்கு முகத்தில அடிச்ச மாதிரி இருக்கு எண்டு. மூண்டாவது கிழமை பெரிய சண்டை வந்தது, டொனேசன் காசைப் பற்றி, நான் கத்தி அவரும் கத்திப் பக்கத்து வீட்டு நாய் குரைச்சு, அண்டைக்கு இரவு தான் எனக்கு முதல் முதலா இவர் என்ட புருசன் எண்ட எண்ணம் வந்தது. அதுக்கு விளக்கம் கேட்டா என்னட்ட இல்லை. நான் வேலைக்குத் திரும்பினது, அவர் ரெண்டு வருசம் வெள்ளிக்கு வெள்ளி கோச்சியில வந்து போனது, 2018ல ட்ரான்ஸ்பர் எடுத்து இஞ்சாலயே வந்தது எல்லாம் பிறகு.

2020 ஊரடங்குக்க ரீவியில திரும்ப அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தம், மகள் நித்திரை. இவர் முழுசாப் பார்க்கிறது அதுதான் முதல் தரம். பாதியில, அவன் ஒண்டும் கதைக்காமல் பைலைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போற ஒரு இடத்தில, "உது நான் தானே" எண்டார். ஓம் எண்டன். "அவன்ட மனசுக்குள்ள என்ன ஓடுது எண்டு எனக்குத் தெரியும், அது பொறுமை இல்லையப்பா, பயம்" எண்டு சொல்லிப்போட்டு கச்சான் உடைக்கத் தொடங்கிட்டார். எனக்கு அதுக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தில இருந்த கோவம் கொஞ்சம் குறைஞ்சுது. படத்தில இருந்த ஏமாற்றம் குறையேல்ல. பயந்த ஆளைப் பொறுமைசாலி எண்டு காட்டி, எங்கட பெடியள் எத்தினை பேரைக் கெடுத்து வச்சிருக்கு. கடைசிச் சங்கிலி இழுப்புக்கு இவர் அழுதவர், அது வேற கதை, அவருக்குச் சொல்லாமல் எழுதுறன்.

போன மாசம் அக்காவின்ட மகளுக்குப் பேச்சு வந்தது. மாப்பிளை கனடா, ஆள் இப்ப ஊருக்கு வந்து நிக்குது, பத்து நாளுக்குள்ள எழுத்து வைக்கோணுமாம். பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்குது எண்டு அக்கா எனக்குப் போன் எடுத்து, "நீ அவளை மௌன ராகம் பார்க்கச் சொல்லு, உனக்கும் அப்பிடித்தானே சரியா வந்தது" எண்டா. நான் அக்காவோட வாய் குடுக்கேல்ல. பிள்ளைக்கு எடுத்து, அந்தப் பெடியன்ட நம்பரை வாங்கி நீயே கதை எண்டனான். என்ன கேக்கிறது சித்தி எண்டாள். இந்தக் கலியாணம் இப்ப ஆருக்கு அவசரம் எண்டு கேள், டொனேசன் ஆருக்குப் போகுது எண்டு கேள், தாய் தகப்பன் கேக்காட்டி உன்னைக் கட்டுவாரோ எண்டு கேள், பத்து நிமிசத்தில வைக்காதை எண்டு சொன்னனான். ஒரு மணித்தியாலம் நாப்பது நிமிசம் கழிச்சு எடுத்தாள். சிரிக்கிறாள்.

"சித்தி, அவருக்கும் விருப்பமில்லையாம்!"

ரெண்டு பேரும் சேர்ந்து எழுத்தைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கினம். பெடியன் திரும்பிப் போயிட்டான், இப்பவும் இரவில போன் கதைக்கினமாம், என்னவா முடியுமோ தெரியாது. அக்கா என்னோட கதைச்சு ரெண்டு கிழமை.